நான்காம் நிலையத்துக்கு உயர்ந்த கைகள்

எங்கள் குறும்புகளுக்குக் கடிவாளமாகவும் எங்கள் கனவுகளுக்குக் கதவாகவும் இருந்து, இன்று இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே! பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முதல் பிழைக்காகக் காத்திருக்கும் நடுவர் பெருமக்களே! எழுத்தையும் எண்ணையும் எங்களுக்கு ஊட்டிய ஆசிரியப் பெருந்தகையோரே! வீட்டைப் பூட்டிவிட்டு வந்தும், அடுப்பை அணைத்தோமா என்ற ஐயம் தீராமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வேலை நாளின் பிற்பகலிலும் எங்களுக்காக வந்து அமர்ந்திருக்கும் தந்தையரே! கூட்டம் முடிந்தால் சிற்றுண்டி உண்டு என்ற ஒரே நம்பிக்கையில் என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கும் தோழியரே! உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

இன்று நம் பள்ளியின் தொழில் வழிகாட்டி நாள். எனக்கு முன்னால் வந்தவர்கள் மருத்துவரின் பெருமையைப் பேசினார்கள். விமானியின் வீரத்தைப் பேசினார்கள். எனக்குக் கிடைத்த தலைப்பு, “பெரிய ஆலோசனை நிறுவனத்தில் வேலை: நிறைகளும் குறைகளும்.” தலைப்பைக் கேட்டதும் என் தோழி என்னைத் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு பார்த்தாள். ஆனால் எனக்கு இதைவிட நெருக்கமான தலைப்பு இந்த உலகத்தில் இல்லை. என் அக்கா அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில்தான் வேலை பார்க்கிறாள்.

தொடங்குவதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு உலகம் முழுதும் கிளை பரப்பிய ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்தால், அனுப்புவீர்களா? அனுப்புவோம் என்பவர்கள் கை உயர்த்துங்கள்.

அடடா! இது அரங்கமா, மூங்கில் காடா? தலைமையாசிரியை அவர்களும் பாதி உயர்த்திவிட்டு இறக்கிக்கொண்டார்கள், பார்த்துவிட்டேன்! மூன்றாவது வரிசையில் ஒருவர், நான் கேள்வியை முடிப்பதற்குள் கையை உயர்த்திவிட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நன்றி, கைகளை இறக்கலாம்.

ஆலோசனை நிறுவனம் என்றால் என்ன? அவர்கள் சிமெண்ட் செய்ய மாட்டார்கள். சிமெண்ட் செய்கிறவருக்கு வழி சொல்வார்கள். மருத்துவமனை நடத்த மாட்டார்கள். நடத்துகிறவருக்கு யோசனை சொல்வார்கள். இதைக் கேட்ட என் தோழி, “அறிவுரை சொல்றதுக்கா உங்க அக்காவுக்குச் சம்பளம்? எங்க பெரியம்மா ஊருக்கே ஓசியில சொல்றாங்களேடி!” என்றாள். சிரிக்காதீர்கள். அறிவுரை ஓசியில் வந்தால் யாரும் கேட்பதில்லை. விலை கொடுத்து வாங்கினால்தான் கேட்கிறார்கள். அக்காவின் நிறுவனம் அந்த உண்மையின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

நிறைகளைச் சொல்கிறேன். குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வாசல் மணி அடித்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பெண், என் அக்கா. விருந்தினர் பெயர் கேட்டால் அம்மாதான் பதில் சொல்ல வேண்டும். அவளை அந்த நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? நரைத்த தலைகள் சூழ்ந்த நீண்ட மேஜையின் முன்னால் நிறுத்தி, “சொல்” என்றது. சொன்னாள்! அவர்கள் கேட்டார்கள்! அவளுடைய தகப்பனாரின் தொழில் என்ன என்று அங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை. அவளுடைய மூளை என்ன செய்யும் என்றுதான் விசாரித்தார்கள். இது சிறிய நீதியா? இன்று பால் பண்ணை, நாளை துறைமுகம், அதற்கடுத்து மருத்துவமனை. ஒரு வாழ்நாளில் ஒரு தொழிலை அறிவதே அரிது. அவள் பருவத்துக்கு ஒரு தொழிலை அறிந்தாள். சிக்கலான கேள்வியைப் பூண்டு உரிப்பதுபோல் பல் பல்லாகப் பிரிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இந்தப் பேச்சையே அப்படிப் பிரித்துத்தான் தயார் செய்தேன்.

குறைகளும் உண்டு. எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று நிற்கும். பெட்டி இருந்தால் அக்கா இருக்கிறாள், இல்லாவிட்டால் இல்லை. “பெரியவ வந்துட்டாளா?” என்று யாராவது கேட்டால், நாங்கள் மூலையைப் பார்த்துத்தான் பதில் சொல்வோம். திரையில் ஒரு வட்டத்தை இம்மியளவு இடப்பக்கம் நகர்த்தச் சொல்லி அவளுக்கு அழைப்பு வரும். நகர்த்தி முடித்ததும் பழைய இடமே நன்றாக இருந்தது என்று அழைப்பு வரும். வீட்டுப் பேச்சும் மாறிப்போனது. “உப்பு போதுமாடி?” என்று அம்மா கேட்டால், “மூணு காரணத்தால போதாதும்மா” என்பாள். “ஒரு காரணம் சொன்னா போட மாட்டேனா?” என்பார் அம்மா.

இவையெல்லாம் பெருங்குறைகள் அல்ல. பெருங்குறையை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். முன்வரிசைத் தாய்மார்களே, அது என்னை உலுக்கியது. இன்றும் உலுக்குகிறது.

அந்த நிறுவனத்தில் ஒரு விதி. ஏறு, அல்லது வெளியேறு. குறிப்பிட்ட காலத்துக்குள் அடுத்த படிக்கு உயராதவர்களுக்கு அங்கே இடமில்லை. அக்காவுக்கு அந்தக் கெடு வந்தது. ஒரு பெரிய குழுமத்தின் இயக்குநர்கள் முன்னால் அவள் தன் அறிக்கையைப் படைக்க வேண்டும். நன்றாகப் படைத்தால் உயர்வு, சொதப்பினால் வீடு. அதனால் அலுவலகத்து வழக்கப்படி ஓர் ஒத்திகை பார்க்க நினைத்தாள். அங்கே சக ஊழியர்கள் எதிரிகளாக உட்கார்ந்து குறுக்குக் கேள்வியால் குடைவார்களாம். “குடைவதற்கு வெளியே ஆள் எதற்கு? வீட்டிலேயே இருக்கிறோமே” என்று நாங்கள் முன்வந்தோம்.

அப்பா நிர்வாக இயக்குநர். அம்மா நிதி அதிகாரி. பக்கத்துத் தெருவிலிருந்து வந்த மாமா சட்ட ஆலோசகர். எனக்கு, கூட்டம் முழுக்கக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கும் இயக்குநர் வேடம். “அப்படி ஒருத்தர் எல்லா எடத்துலயும் இருப்பாருடி. உனக்கு வசனமே கிடையாது” என்றாள் அக்கா. எனக்கு! வசனமே கிடையாது! நியாயமா நடுவர்களே?

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சரக்கு நிலையம் ஒன்றில் மேற்பார்வையாளர். ஊர் ஊராக வரும் பொதிகளை இறக்கி, பிரித்து, மறுபடியும் வண்டியேற்றி அனுப்பும் இடம் அது. அதன் உரிமையாளர்கள் அண்மையில்தான் அதை விற்றிருந்தார்கள். ஆனால் அப்பாவின் சட்டைப்பையில் இன்னும் பழைய பெயரே தைத்திருந்தது. வாங்கியவர் யாரென்று அங்கே ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

“எந்தக் கம்பெனிடி இது?” என்று கேட்டார் அம்மா.

“பேர் சொல்லக் கூடாதும்மா. எந்த ஊர் நிலையம்னு எனக்கே தெரியாது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னுதான் குடுத்திருக்காங்க. எடம் தெரிஞ்சா மனசு சாஞ்சுடுமாம். ஆனா அப்பா, இது உங்க தொழில் மாதிரிதான். சரக்கு பிரிக்கிற எடம். அதான் உங்களை எம்.டி. ஆக்கினேன்.”

“அப்ப சரியான ஆளைத்தான் புடிச்சிருக்க!” என்று அப்பா சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டார்.

“நான் எதிர்க்கிறேன்!” என்றார் மாமா.

“மாமா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

“ஒரு ஆள் ஒரு ஷிஃப்டுல எவ்வளவு பொதி பிரிக்கிறான்? அதைக் காட்டு” என்றார் அப்பா. அக்கா காட்டினாள். திரையில், நிலையத்துக்கு ஒன்றாக, மூன்று தூண்கள் ஓங்கி நின்றன. நான்காவது, குட்டையாகக் கூனிக் கிடந்தது.

“என்னம்மா இது, தேஞ்சுபோன பென்சில் மாதிரி? வெக்கக்கேடு! எங்க எடத்துலகூட இதைவிட நல்லா வேல நடக்கும்!”

“மச்சான், உங்க எடத்தை யாரு கேட்டா? நீங்க இப்ப எம்.டி.” என்றார் மாமா.

அம்மா மட்டும் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டார். “அந்த நாலாவது எடத்துல எத்தனை பேரு வேல பாக்குறாங்க?”

“அது பின்னாடி வரும்மா. வேற நிலையத்துக்கு மாத்தக்கூடியவங்க, மாத்த முடியாதவங்கன்னு ரெண்டு கட்டம் போட்டிருக்கேன்.”

“மாத்த முடியாதவங்கன்னா?”

“ஓய்வு பெறப்போற வயசுல இருக்குறவங்க.”

“பாவம்டி.”

“பாவம் பாத்தா கம்பெனி நடத்த முடியாது!” என்று அப்பா மேஜையைத் தட்டினார். தண்ணீர்க் குவளை குதித்தது. நாங்கள் சிரித்தோம். அம்மாவின் கேள்வி அந்தச் சிரிப்பில் கரைந்துபோனது.

நான்காம் நிலையத்தை மூடலாம் என்பதுதான் அக்காவின் அறிக்கை. அதில் அப்பா ஒரு திருத்தம் சொன்னார். “‘மூடுறோம்’னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லாதம்மா. ‘பணிகள் அருகிலுள்ள நிலையங்களோடு அன்போடு இணைக்கப்படுகின்றன’ன்னு போடு.”

“அன்போடயா? இது என்னப்பா, கல்யாணப் பத்திரிகையா?”

“போடும்மா. கேக்குறவனுக்கு வலிக்காது.”

அக்கா சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தாள். “சரி, நாலாம் நிலையத்தை மூடலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க!” என்று அப்பா முழங்கினார். தானே முதலில் உயர்த்தினார். மாமாவின் எதிர்ப்பு மறைந்து கை எழுந்தது. அம்மாவின் கரண்டி எழுந்தது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே என் கையும் எழுந்தது. ஏகமனதாக முடிந்தது எங்கள் வீட்டு இயக்குநர் கூட்டம்!

அக்கா படைத்தாள், பாராட்டு மழையில் நனைந்தாள், உயர்வு பெற்றாள். “அன்போடு” என்ற அந்தச் சொல் நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்றாராம் அவளுடைய மேலாளர். அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. மகளின் உயர்வுக்காக ஒரு பெட்டி இனிப்பு வாங்கி, தன் நிலையத்தில் ஒவ்வொருவர் கையிலும் வைத்தார்.

அவையோரே, அந்த இனிப்பின் ருசி நாவில் ஆறுவதற்குள் ஒரு காலைப் பொழுது வந்தது.

நிலையத்தின் முற்றத்தில் எல்லோரையும் கூடச் சொன்னார்கள். பொதி தூக்குகிறவர்கள், வண்டியோட்டிகள், கிழிந்த மூட்டைகளை ஊசி போட்டுத் தைக்கும் அம்மா ஒருவர். தையலம்மா என்றுதான் அவரை எல்லோரும் அழைப்பார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறி, கைப்பேசியைப் பார்த்து வாசித்தார்.

“சேவையை மேம்படுத்தும் பொருட்டு, இந்த நிலையத்தின் பணிகள் அருகிலுள்ள நிலையங்களோடு...”

அதிகாரி மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் அப்பாவின் உதடுகள் தாமாக அசைந்தன. “அன்போடு.”

“...அன்போடு இணைக்கப்படுகின்றன” என்று முடித்தார் அதிகாரி.

எண்ணிப் பாருங்கள்! தான் செதுக்கிய சொல், தன் தலைமேல் வந்து விழுந்தது! தான் மூடச் சொன்ன கதவுக்கு உள்ளேதான் தான் நின்றுகொண்டிருந்தோம் என்று அந்தக் கணத்தில்தான் அவருக்குத் தெரிந்தது! தேய்ந்த பென்சில் என்று சிரித்தாரே, அந்தத் தூண் அவர்! மாற்ற முடியாதவர்கள் என்ற கட்டத்துக்குள் இருந்தவர் அவர்! கூட்டத்தில் தையலம்மாவின் குரல் எழுந்தது. “அன்போடயா? எவன்டா இதை எழுதினது? அவன் கைய ஒடைக்கணும்!”

அப்பா தன் வலது கையைச் சட்டைப்பைக்குள் நுழைத்துக்கொண்டாராம்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

“பெரியவளே, அந்த நாலாவது நிலையம் எதுன்னு தெரிஞ்சுடுச்சு.”

“எதுப்பா?”

“நான் தெனமும் காலையில போற எடம்.”

பெட்டியின் ஜிப் பாதியில் நின்றது. என் கையில் இருந்த புத்தகம் நழுவியது. குனிந்து எடுக்கவும் தோன்றவில்லை. அடுப்பில் ஏதோ தீய்ந்தது. யாரும் எழுந்து போகவில்லை. அக்கா அழவில்லை. அவள் முகம், திரையை அணைத்த கணினிபோல் ஆகிவிட்டது.

“நான் வேலைய விட்டுடறேன்பா. நாளைக்கே சொல்லிடறேன்.”

“எதுக்கு? நீ விட்டா நிலையத்தைத் தொறந்துடுவானா? ஒரே வீட்டுல ரெண்டு பேரு சும்மா ஒக்காந்தா ரிமோட்டுக்குத்தான் சண்ட வரும்.”

“நான் போட்ட கணக்கு தப்பாப்பா?”

அப்பா அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். என் உயிரே அந்தப் பதிலில் தொங்கியது. தப்பு என்று சொல்லிவிட்டால் எவ்வளவு எளிது! யாரையாவது திட்டலாமே!

“கணக்கு சரிதாம்மா. பாதிக் கூரை ஒழுகுது, பாதி எயந்திரம் ஓடல. அந்த நாற்காலியில நான் ஒக்காந்திருந்தாலும் மூடியிருப்பேன். ஒக்காந்தேனே! மூடினேனே!” என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “ஆனா உங்கம்மா கேட்டா பாரு, எத்தனை பேருன்னு. அதுக்கு நாம பதிலே சொல்லல. நான் மேஜையத் தட்டிட்டேன்.”

மறுநாள் அக்கா தன் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கொடியவர் அல்லர். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துத்தான் பேசினார். “உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நாம ஆலோசனைதான் சொல்றோம். முடிவு அவங்களோடது.”

கேட்டீர்களா? ஆலோசனை சொன்னவர் முடிவெடுக்கவில்லையாம். முடிவெடுத்தவர் ஆலோசனைப்படி நடந்தாராம். அறிவித்தவர் மேலிடம் அனுப்பியதை வாசித்தாராம். அப்படியானால் மூடியது யார்? தையலம்மாவின் ஊசியைப் பிடுங்கியது யார்? வண்டியோட்டியை நடக்கவிட்டது யார்? எல்லோருடைய கையும் சுத்தம்! ஆனால் கதவு பூட்டிக் கிடக்கிறதே! இந்த வேலையின் பெரிய குறை உறக்கம் கெடுவதன்று. ஊர் ஊராக அலைவதன்று. ஒருவருடைய வாழ்க்கையை, அவர் முகத்தைப் பாராமலே, எவ்வளவு நல்லவர்களும் முடித்துவைத்துவிடலாம் என்பதுதான் குறை! நாங்கள் நல்லவர்கள் இல்லையா? அம்மா நல்லவர் இல்லையா? கரண்டி உயர்ந்ததே!

மணி அடிக்கிறீர்கள் ஐயா, புரிகிறது. இன்னும் கொஞ்சம்தான். கதையைப் பாதியில் விட்டால் இந்த அவை என்னை வீட்டுக்கு விடாது.

நிலையத்தின் கடைசி நாளன்று அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. நானும் கூடப் போனேன். ஒழுகும் கூரையின் கீழே வாளிகள் வரிசையாக இருந்தன. பாதிச் சுவரில் பெயின்ட் அடித்து, பாதியில் விட்டிருந்தார்கள். எல்லோரும் முற்றத்தில் கூடியபோது அக்கா முன்னால் வந்தாள். கையில் திரையும் இல்லை, குறிப்பும் இல்லை.

“அன்னைக்கு இங்க வாசிச்சாங்களே, அந்த வாக்கியத்தை எழுதினது நான்தான்.”

அப்பா அவளருகே போய் நின்றார். “‘அன்போடு’ மட்டும் என்னோடது” என்றார்.

தையலம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இனிப்பு குடுத்தியே, அது இதுக்குத்தானா?”

அப்பா தலைகுனிந்தார்.

“கைய ஒடைக்கணும்னு சொன்னேன். இப்ப நாலு கை வந்து நிக்குது. எதை ஒடைக்கிறது?” என்றார் அவர். சிலர் சிரித்தார்கள். சிலர் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர் எச்சில் துப்பிவிட்டு வெளியேறினார்; அவரை நான் குறை சொல்ல மாட்டேன். “ஏம்மா, ஒங்க காயிதத்துல நாங்க எப்படி இருந்தோம்?” என்று கேட்டார் தையலம்மா.

“ஒரு சின்னத் தூணா இருந்தீங்கம்மா.”

“அவ்வளவுதானா?” அவர் கிழிந்த மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டார். “வந்து சொன்னியே, வேற எவனும் வரல. இந்த வாயைப் புடி. கடைசி மூட்டை. தெச்சுட்டுப் போறேன்.”

அக்கா மண்டியிட்டு மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறி இறங்கியது. மகிழ்ச்சியான முடிவு எதையும் நான் உங்களுக்குக் கொண்டுவரவில்லை. நிலையம் மூடப்பட்டது, மூடியதுதான்.

அக்கா இன்னும் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறாள். ஆனால் ஒரு தூணை வரைவதற்கு முன் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். சில முறை அனுமதிக்கிறார்கள். பல முறை மறுக்கிறார்கள். மேலாளர் அவளுக்குத் “தொல்லை” என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறாராம். வீட்டு ஒத்திகை இப்போதும் நடக்கிறது. அம்மாதான் நிர்வாக இயக்குநர். முதல் கேள்வி என்ன என்று உங்களுக்கே தெரியும்.

இனி, மூன்றாவது வரிசைக்கு வருகிறேன். வேலை நாளின் பிற்பகலில் ஒரு தந்தை எப்படி இங்கே வந்து அமர முடிந்தது? போவதற்கு ஒரு நிலையம் இல்லாததால் முடிந்தது. அவர் என் அப்பா. இந்தக் கதையைச் சொல்லட்டுமா என்று நேற்றே கேட்டேன். “சொல்லு. ஆனா முற்றத்துல நின்னேனே, அன்னைக்கு என் சட்டை நல்லா தேச்சிருந்துச்சுன்னு சொல்லு” என்றார். சொல்லிவிட்டேன் அப்பா.

ஆனால் அவையோரே, நான் எழுதி வைத்துக்கொண்டு வராத ஒன்று இன்று இங்கே நடந்துவிட்டது. பிள்ளையை அனுப்புவீர்களா என்று நான் கேட்டபோது முதலில் உயர்ந்த கை அவருடையது! சட்டைப்பைக்குள் ஒளிந்த அதே வலது கை! அக்காவை அனுப்பினீர்கள், அடி விழுந்தது. அப்படியிருந்தும் என்னையும் அனுப்பக் கை உயர்த்துகிறீர்களா? ஏன் அப்பா?

என்ன? எழுந்து நிற்கிறாரே! சற்று அமைதி, தோழியரே... மைக் தேவையில்லை, அவருடையது சரக்கு நிலையத்துக் குரல், கூரை வரை கேட்கும்.

“நீயும் போம்மா! போயி, மொதல்ல எத்தனை பேருன்னு கேளு!”

கேட்டீர்கள் அல்லவா? இதற்குமேல் என்னிடம் சொல் இல்லை. நடுவர்களே, மதிப்பெண்ணை நீங்கள் எந்தக் கட்டத்தில் போட்டாலும் சரி. பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும், சிற்றுண்டியை மறந்து அமர்ந்திருக்கும் தோழியருக்கும், இன்னும் உட்காராமல் நிற்கும் என் அப்பாவுக்கும் நன்றி சொல்லி, இரண்டு கைகளையும் கூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.